இரண்டு செங்கல் உயரம்

கீழத்தேரிக் குடியிருப்பில் அந்திமந்தாரைப் பூக்கள் பேச ஆரம்பித்த வருஷம் மழையும் ஒழுங்காகப் பெய்தது, தண்ணீர் லாரியும் சொன்ன நாளில் வந்தது, ஆகையால் அதை ஒரு கெட்ட வருஷம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளத்துக்கும் சாலைக்கும் நடுவில், மூன்று அடுக்காக நாலு கட்டடங்கள். வீட்டுக்கு ஒரு பால்கனி, பால்கனிக்கு இரண்டு மூன்று தொட்டி. உப்புக் காற்றில் ரோஜா நிற்காது என்பதால் எல்லார் தொட்டியிலும் அந்திமந்தாரை. சாயங்காலம் நாலரை மணிக்கு அது விரியும். அந்த ஆடி மாசத்திலிருந்து, விரியும்போதே, தொட்டிக்கு நேர் கீழே இருக்கிற வீட்டில் அன்றைக்குப் பேசிய பேச்சைப் பேசியவர் குரலிலேயே, ஒரு பூவுக்கு ஒரு பேச்சாக, வரிசை மாறாமல் சொல்லத் தொடங்கியது.

முதலில் கேட்டவள் சி கட்டடத்து ரெண்டாம் மாடி ஜெயராணி டீச்சர். அவள் தொட்டியில் விரிந்த ஒரு மஞ்சள் பூ, கீழ் வீட்டு மாமியாரின் குரலில், "டீச்சர் குடுத்த புளிக்கொழம்ப நாய்கூட மோந்து பாக்கல" என்றது. டீச்சர் பயப்படவில்லை. குழம்பு கொடுத்த கிண்ணம் திரும்பி வந்ததா என்று யோசித்துப் பார்த்து, வரவில்லை என்று தெரிந்ததும், இறங்கிப் போய்க் கிண்ணத்தைக் கேட்டு வாங்கி வந்தாள்.

ஒரு மாசத்தில் குடியிருப்பு பழகிவிட்டது. நாலரை ஆனால் டிவிச் சத்தம் குறையும், டீயை ஆற்றிக்கொண்டு அவரவர் தொட்டிப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். முக்கியமான பேச்சு எல்லாம் மாடிப்படிக்குக் குடிபோனது. புருஷனும் பெண்டாட்டியும் பஸ் நிறுத்தம் வரைக்கும் ஒன்றாக நடந்துபோய், அங்கே நின்று ஆசை தீரச் சண்டை போட்டுவிட்டு, ஒன்றாகவே திரும்பி வந்தார்கள். குழாயைத் திறந்துவிட்டுப் பேசினால் பூவுக்குக் கேட்காது என்று யாரோ கிளப்பிவிட, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ரெண்டே நாளில் காலியானது, பூவோ தண்ணீர்ச் சத்தத்தைத் துடைத்துவிட்டுப் பேச்சை மட்டும் சுத்தமாகக் கொடுத்தது. பி கட்டடத்து பியூலா வேறு வழி பிடித்தாள். ரேஷன் வரிசையில் சண்டை போட்ட மேல் வீட்டுக்காரிக்காக, தன் வீட்டு நடுக்கூடத்தில் முட்டி போட்டு, "ஆண்டவரே, மேல் வீட்டு அக்கா மகளுக்கு ஒரு நல்ல எடத்தக் காட்டும்" என்று சத்தமாக ஜெபம் பண்ணினாள். மறுநாள் மேலேயிருந்து ஒரு தூக்கு நிறையக் கொழுக்கட்டை இறங்கி வந்தது. கொழுக்கட்டையைக் கொடுத்துவிட்டுப் படியேறும்போதே மேல் வீட்டுக்காரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது, அந்த ஜெபம் ஆண்டவருக்குச் சொன்னதா, இல்லை தன் தொட்டிக்குச் சொன்னதா என்று. கெட்டதைக் கேட்டால் கோபம் வந்தது, நல்லதைக் கேட்டால் சந்தேகம் வந்தது. நல்லது பேசி நிம்மதியாக இருந்தவர்கள் அந்த வருஷம் ஒருத்தரும் இல்லை.

பூ எப்படிப் பேசுகிறது என்று கேட்டுக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் இல்லை. அதைவிட அவசரமான கேள்வி ஒன்று இருந்தது. தொட்டி தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் பூவுக்குக் கேட்கும். செங்கல் வைத்துத் தூக்கிவிட்டால் பூ சும்மா பூக்கும். இது தெரிந்த வாரமே, இடிந்து கிடந்த சைக்கிள் ஷெட்டின் செங்கல் முழுக்கக் காணாமல் போனது. ஆனால் ஆளாளுக்குச் செங்கலைத் தூக்கிக்கொண்டு போனது மேல் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு. என் தொட்டி தரையில் இருக்கட்டும், எனக்கு மேலே இருக்கிற தொட்டி செங்கலில் ஏறட்டும் என்பதுதான் கீழத்தேரியின் பொது நியாயம். தரைத்தளத்துக்காரர்களின் தொட்டிக்கு அடியில் வெறும் மண், மண்ணில் கேட்க ஒன்றும் இல்லை, அதனால் அவர்கள் மட்டும், எல்லாரும் செங்கல் வைக்க வேண்டும் என்று நீதிமான்கள் மாதிரிப் பேசினார்கள்.

குடியிருப்புச் சங்கத்துக்கு அப்போது செக்ரட்டரி உச்சிமாகாளி. ஏ கட்டடம், முதல் மாடி. மின்வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர். கதவைத் தட்டி, உள்ளே போய், ஆணியில் தொங்குகிற சட்டை யாருடையது என்பதுவரை ஒரு பார்வையில் எடுத்துக்கொண்டு வெளியே வருவது அவருக்குக் கைவந்த வேலை. பூட்டின வீட்டு மீட்டரில் சக்கரம் ஓடினால், உள்ளே யாரோ இருக்கிறார்கள். அந்த ஒன்றுதான் அவர் உத்தியோகத்தில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது.

அவருடைய வீட்டிலும் ஒரு மீட்டர் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி சண்முகவடிவு வீட்டுக்குள் பேசுவதில்லை. கேட்டதற்குத் தலையை ஆட்டுவாள், சாப்பாட்டை எடுத்து வைப்பாள், மாத்திரையைப் பிரித்துத் தண்ணீரோடு கொடுப்பாள், வாய் மட்டும் திறக்காது. அதே சண்முகவடிவு கீழே குழாயடியில் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதையும், இடுப்பில் குடத்தோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து சிரிப்பதையும் அவர் பால்கனியில் நின்று பார்த்திருக்கிறார். அவர் படியிறங்கி வந்தால் சிரிப்பு நின்றுவிடும். அப்படி என்ன பேசுகிறாள், தான் வெளியே போனதும் வீட்டில் யாரிடம் பேசுகிறாள், எதை ஒளிக்கிறாள்? கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டது இந்த ஒன்றைத்தான், இதற்காக அவர் ராத்தூக்கம் கெட்டவர்.

அவர் வீட்டுத் தொட்டியும் பேசாது. கீழ் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருந்தார், வீடு பூட்டிக் கிடந்தது. வேறு ஆளாக இருந்தால் தொல்லை விட்டது என்று இருந்திருப்பார். உச்சிமாகாளி தினமும் நாலரைக்குக் குனிந்து தொட்டிக்கு அடியில் கையை விட்டு, சண்முகவடிவு எதையாவது செருகி வைத்திருக்கிறாளா என்று துழாவிப் பார்ப்பார்.

அவருக்கு மேலே ரெண்டாம் மாடியில் லூர்து. புருஷன் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணியில் வேலை, மாசக்கணக்கில் கடலில் இருப்பான். லூர்துவும் ரெண்டரை வயசு மகள் ஸ்டெஃபியும்தான் வீட்டில். ஊரெல்லாம் செங்கல் பற்றி யோசிப்பதற்கு முந்தியே, பூ பேச ஆரம்பித்த அந்த ஆடி மாசக் கடைசியிலேயே, யாரும் கேட்காமல் தன் தொட்டியை ரெண்டு செங்கல் மேல் ஏற்றி வைத்தவள் அவள். உச்சிமாகாளிக்கு அதுதான் உறுத்தியது. கேட்காமலே ஒருத்தி தூக்கி வைக்கிறாள் என்றால், அவள் எதையோ கேட்டிருக்கிறாள்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் ரூம் பக்கத்தில் சங்கக் கூட்டம் போட்டார்கள். தொட்டியைத் தூக்கி வைப்பதா, தரையில் வைப்பதா என்பது மட்டும்தான் விஷயம்.

"தொட்டிய தரையில வச்சா ஓதம் எறங்குதுல்லா, எங்க வீட்டுல மேல பூச்சு பூராவும் பொரிஞ்சு விழுது" என்றார் தரைத்தளத்துக் காசிம் பாய். அவருடைய மேல்பூச்சு பளபளவென்று இருந்தது எல்லாருக்கும் தெரியும்.

"செங்கல் வச்சா அடியில மரவட்ட கூடு கட்டுது பாய்" என்றாள் ஜெயராணி டீச்சர்.

"வேருக்குக் காத்து வேணாமா டீச்சர்? தண்ணி வடியணும்லா?"

"தரைக் குளிர்ச்சிதான் செடிக்கு உசுரு. செங்கச் சூட்டுல வேரு வெந்துரும்."

"கடக்காத்துல தொட்டி சாஞ்சு கீழ போறவிய மண்டையில விழுந்தா யாரு பதில் சொல்றது?"

ரெண்டு மணி நேரம் இப்படியே போயிற்று. வேரைப் பற்றிப் பேசினார்கள், ஓட்டையைப் பற்றிப் பேசினார்கள், கொசுவைப் பற்றிக்கூடப் பேசினார்கள். பூ என்கிற வார்த்தையை மட்டும் ஒருத்தரும் வாயில் எடுக்கவில்லை. எடுத்தால், உன் வீட்டில் ஒளிக்க என்ன இருக்கிறது என்ற கேள்வி வரும், இல்லையென்றால் என் வீட்டில் நீ என்ன கேட்டாய் என்ற கேள்வி வரும்.

கடைசியில் உச்சிமாகாளி எழுந்தார். ரெண்டு மாசமாக அவர் வீட்டுக்கு வீடு ஏதோ ஒரு சாக்கில் போய்ச் சோதித்து ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார்: தென்னை நார் போட்டால் பாதிப் பேச்சு வரும், பலகை வைத்தால் குரல் கரகரக்கும், ஒரு செங்கலில் முணுமுணுப்பு, ரெண்டு செங்கலில் சுத்தமாக ஒன்றும் இல்லை. நோட்டை அவர் யாருக்கும் காட்டவில்லை. தீர்ப்பை மட்டும் சொன்னார்.

"ஓதத்துக்கு என்ன காரணம்னு தெரியுத வரைக்கும் ஒருத்தரும் செங்கல் வைக்கக் கூடாது. எல்லாத் தொட்டியும் தரையில இருக்கணும். நானே வந்து பாப்பேன்."

பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் லூர்து சண்முகவடிவைப் பார்த்தாள். சண்முகவடிவு தரையைப் பார்த்தாள். உச்சிமாகாளி அதையும் குறித்துக்கொண்டார்.

லூர்து தொட்டியை இறக்கவில்லை. அவர் மேலே போய்க் கேட்டார்.

"ஏன் எறக்கல?"

"ஓதம் எறங்கும் அண்ணாச்சி."

"எங்க வீட்டுலதான எறங்கும்? எறங்கட்டும்னு நானே சொல்லுதேன்லா?"

"வேண்டாம் அண்ணாச்சி."

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். மூன்றாவது தடவை லூர்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். "உங்களுக்கு ஓதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கேக்கணும், அவ்வளவுதான?" என்றாள். "சரி. நீங்களே எறக்கி வைங்க. நான் கை வைக்க மாட்டேன், தொட்டி செங்கல் மேலதான் இருக்கும், தைரியமா இருங்கன்னு உங்க வீட்டு மதினிக்கு வாக்குக் குடுத்திருக்கேன். நாளைக்குச் சாயங்காலம் வந்து கேளுங்க."

வாக்குக் கொடுத்திருக்கிறாள்! அவருக்கு அந்த ஒன்றுதான் காதில் ஏறியது. இரண்டு பேரும் கூட்டு. தொட்டியை இறக்கித் தரையில் வைத்து, செங்கல் ரெண்டையும் பையில் போட்டுக் கொண்டுபோய்த் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளினார், லூர்து மறுபடி எடுத்து வைத்துவிடக் கூடாதே என்று.

அன்று ராத்திரியே, நாளைக்குப் பென்ஷன் விஷயமாகத் திருநெல்வேலி போகிறேன், பொழுது சாய்ந்துதான் வருவேன் என்று சண்முகவடிவிடம் ரெண்டு தடவை சொன்னார். மறுநாள் காலையில் கிளம்பும்போது வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார், அவளும் வழக்கம் போலத் தலையை ஆட்டினாள். திருநெல்வேலிக்கு அவர் போகவில்லை. துறைமுகச் சாலையில் ஒரு வேப்பமரத்தடியில் பகல் முழுக்க உட்கார்ந்து, அவள் இந்நேரம் யாரிடம் என்ன பேசுகிறாள் என்று நினைத்துப் பார்த்தார். யாரிடம் என்பது விதவிதமாகத் தோன்றியது. குரல்தான் தோன்றவில்லை. தன் பெண்டாட்டியின் குரல் எப்படி இருக்கும் என்று எத்தனை யோசித்தும் அவருக்கு நினைவு வரவில்லை.

நாலே காலுக்குப் பின்பக்கப் படி வழியாக ரெண்டாம் மாடி ஏறினார். லூர்து பால்கனியில் நாற்காலி போட்டாள். நாலரைக்கு முதல் பூ விரிந்தது.

ஆண் குரல்.

"இன்னைக்கு யாரு வாரா?"

உச்சிமாகாளி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அடுத்த பூ விரிந்தது. "வெளிய போவியா?" அதற்கடுத்தது. "போனா எப்ப வருவ?" மூக்கால் பேசுகிற, வறட்டுத் தொண்டைக் குரல். தான் இல்லாத வீட்டில் ஒரு ஆம்பிளை நின்றுகொண்டு தன் பெண்டாட்டியை உரிமையோடு அதட்டுகிறான். "நேத்து போன்ல யாரு?" என்றது நாலாவது பூ. "ஏன் வாயத் தொறக்க மாட்டேங்க?" என்றது அஞ்சாவது.

"எவன் அது?" என்று எழுந்துவிட்டார் உச்சிமாகாளி. உடம்பெல்லாம் எரிந்தது, ஆனால் அதற்குள்ளே ஒரு திருப்தியும் இருந்ததைச் சொல்லத்தான் வேண்டும். இருபத்தாறு வருஷச் சந்தேகம் வீண் போகவில்லை என்கிற திருப்தி. "என் வீட்டுல எவன் அவன்? ஒனக்குத் தெரியும்லா? சொல்லு!"

உள்ளேயிருந்து ஸ்டெஃபி ஒரு கை இல்லாத பொம்மையை இழுத்துக்கொண்டு வந்தாள். "என்னப் பாத்துச் சொல்லு" என்றது ஆறாவது பூ. ஸ்டெஃபி பொம்மையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, புருவத்தைச் சுளித்து, அதே மூக்குக் குரலில், "என்னப் பாத்துச் சொல்லு" என்றாள். ஏழாவது பூவுக்கு அவள் காத்திருக்கவே இல்லை. "என்னத்த ஒளிக்க?" என்று பூவும் பிள்ளையும் ஒன்றாகக் கேட்டார்கள்.

"பாப்பா, யாரு இது? யாரு இப்படிப் பேசுதது?" என்றார் உச்சிமாகாளி.

பிள்ளை சிரித்துக்கொண்டே விரலை நீட்டி அவர் வயிற்றைத் தொட்டது. "கீழ மாமா" என்றது.

தன் குரலை வெளியே நின்று அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகும் பூக்கள் விரிந்தன. பத்து, பதினைந்து, இருபது. ஒன்றும் பேசவில்லை. அவர் ஒவ்வொன்றின் பக்கத்திலும் குனிந்து காதை வைத்துப் பார்த்தார்.

"இவளுக்குப் பேச்சு வர லேட்டாயிட்டு அண்ணாச்சி" என்றாள் லூர்து. "டாக்டர்கிட்டகூடக் காட்டினோம். அந்த ஆடி மாசந்தான் மொதமொத வாயத் தொறந்தா. அம்மான்னு கூப்புடல. நான் தண்ணி எடுத்துட்டு வாரேன், வாசல்ல நின்னு 'எங்க போன?'ன்னு கேக்கா. அன்னைக்கேதான் ரெண்டு செங்கல் தேடிப் போனேன். நான் செங்கல் வைக்கிற வரைக்கும் ஒரு பூவுலகூட மதினி கொரல நான் கேக்கல."

உச்சிமாகாளி இறங்கி வீட்டுக்குப் போனார். சண்முகவடிவு டீயை வைத்துவிட்டு, கேள்விக்காக ஒரு நிமிஷம் நின்றாள். அவர் வாயைத் திறந்தார். வந்ததெல்லாம் கேள்வி. எதையாவது சாதாரணமாகச் சொல்லலாம் என்று பார்த்தால் அதுவும் நாக்குக்கு வரும்போது 'சீனி போட்டியா' என்று கேள்வியாகத்தான் வந்து நின்றது. இத்தனை வயசுக்கு, கேள்வி இல்லாத ஒரு வாக்கியம் தன்னிடம் இல்லை என்பது தெரிந்து அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாயை மூடிக்கொண்டார்.

ஒன்பது நாள் அப்படியே இருந்தார். அவர் கேட்காவிட்டால் அவளாக ஒரு வார்த்தை பேசுவாள் என்று நினைத்தார். அந்தக் குரலை ஒரு தடவை கேட்டால் போதும் என்று இருந்தது. தினமும் நாலரைக்கு மேலே போய்ப் பூக்கள் சும்மா விரிவதைப் பார்த்துவிட்டு வருவார். "நீங்களும் பேசல, மதினியும் பேசல, பூ பாட்டுக்குப் பூக்குது" என்று லூர்துவும் பாவம் பார்த்துத் தொட்டியைத் தரையிலேயே விட்டுவிட்டாள். ஸ்டெஃபிகூட அம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். செக்ரட்டரி தினமும் ரெண்டாம் மாடிக்கு ஏறுவதில் என்ன மர்மம் என்று எதிர்க்கட்டடம் மட்டும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பத்தாம் நாள் முதல் பூ விரிந்து, "எக்கா" என்றது.

மெல்லிய, ஓரத்தில் கொஞ்சம் உடைந்த குரல். பெண் பார்க்கப் போன அன்றைக்குக் காப்பி கொடுக்கும்போது கேட்ட குரல். உச்சிமாகாளிக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது, மேற்கொண்டு என்ன சொல்கிறாள் என்பது அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது. கோவில்பட்டியில் இருக்கிற அக்காளிடம் போனில் பேசியிருக்கிறாள்.

"ஒம்பது நாளா அவிய ஒண்ணுமே கேக்கலக்கா" என்றது பூ. "எங்க போனன்னு இல்ல, யாருன்னு இல்ல." இன்னொரு பூ விரிந்தது. "கேக்கும்போது எரிச்சலாத்தான் இருக்கும். ஆனா என்ன நெனைக்காவன்னு தெரியும். இப்ப ஒண்ணுந் தெரியல." அடுத்தது. "சும்மா என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்காவ. சாயங்காலமானா எங்கயோ போறாவ. என்னமோ மனசுல முடிவு பண்ணிட்டாவ போல." அதற்கடுத்த பூ விரிவதற்கு நேரம் எடுத்துக்கொண்டது. "எனக்குப் பயமா இருக்குக்கா."

உச்சிமாகாளி படியிறங்கினார். இருபத்தொரு படி. சண்முகவடிவு வாசலில் விளக்கு மாடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் ஒதுங்கி நின்றாள்.

"மேல போயிருந்தேன்" என்றார். அவள் கேட்காமலே அவர் சொன்ன முதல் கணக்கு அது. "லூர்து வீட்டுல. தொட்டிய நான்தான் எறக்கி வச்சேன். அவ மேல தப்பு இல்ல. நீ அக்காகிட்டப் பேசினத இப்பதான் கேட்டேன். நான் ஒண்ணும் முடிவு பண்ணல வடிவு. எனக்குக் கேக்காமப் பேசத் தெரியல, அதான் சும்மா இருந்தேன்."

சண்முகவடிவு துணியைக் கீழே வைத்தாள். அவர் முகத்தில் எதையோ தேடுகிற மாதிரி நெடுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் நம்பிக்கை இல்லை, அவருக்கு அது தெரிந்தது, வலித்தது.

"செங்கல் எங்க?" என்றாள்.

"கட்டிலுக்கு அடியில."

அவளே போய்க் குனிந்து, ரெண்டையும் இழுத்து, முந்தானையால் தூசியைத் தட்டி, அவர் கையில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாள்.

"மொதல்ல போயி அந்தத் தொட்டியத் தூக்கி வச்சிட்டு வாங்க" என்றாள். "பொறவு பேசுதேன்."

அவர் மறுபடியும் இருபத்தொரு படி ஏறினார். என்ன பேசுவாள் என்ற கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, தொட்டியை ரெண்டு கையாலும் பிடித்தார். அவர் கீழே போயிருந்தபோது விரிந்த பூக்கள் மற்றப் பேச்சையெல்லாம் சொல்லி முடித்திருந்தன; அந்த நேரம் பார்த்து, பிந்தி நின்ற ஒரே ஒரு மொட்டு விரிந்து, "மொதல்ல போயி அந்தத் தொட்டியத் தூக்கி வச்சிட்டு வாங்க" என்று அவள் குரலிலேயே அவரை அவசரப்படுத்தியது. அவர் மூச்சைப் பிடித்துத் தூக்கினார். லூர்து செங்கலைச் சரியாகத் தள்ளிக் கொடுத்தாள். தொட்டி ஏறி உட்கார்ந்ததும், ஆடுகிறதா என்று ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிட்டு, உச்சிமாகாளி வேகமாகக் கீழே இறங்கிப் போனார்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது கீழத்தேரியில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாமல் அவர்கள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது.